ஆறாம் இடத்தில் ஒரு மாற்றம்: கதிர் அரிவாள் இரத்தசோகையும் இரத்தம் பற்றிய பேச்சும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பற்றியோ இயக்க வரலாறு பற்றியோ பேசுவது வழக்கம். இந்த ஆண்டு உயிரணுவையும் மரபணுவையும் பற்றிப் பேசலாம் என்று நாங்கள் சொன்னபோது நம் தோழர்களிலேயே சிலர் தயங்கினார்கள். 'அதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறதே' என்றார்கள். இருக்கிறதுதான். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் கதிர் அரிவாள் இரத்தசோகைக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். மதிப்பெண்ணுக்காக அதை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுக் கடந்து போகிறோம். அந்தப் பத்திக்குப் பின்னால் யாருடைய இரத்தம் இருந்தது, அதை யார் எடுத்தார்கள், எடுத்து என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் பாடத்தில் இல்லை.

நமக்கு அது ஏன் முக்கியம்? சாதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோருமே இரத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். 'அவன் இரத்தத்திலேயே அது இருக்கு' என்பது நம்மை வைய வழக்கமாகப் பயன்படும் வசனம். 'எங்க இரத்தத்துல கலப்பு இல்ல' என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. இதற்கு நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் பதில், 'எல்லார் இரத்தமும் சிவப்புதானே' என்பது. நியாயமான பதில்தான், ஆனால் பாதிப் பதில். இரத்தத்துக்குள் வேறுபாடுகள் உண்டு. அந்த வேறுபாடுகள் எங்கிருந்து வந்தன, எவற்றைத் தீர்மானிக்கின்றன, எவற்றைத் தீர்மானிப்பதில்லை என்று தெரிந்துவைத்துக்கொண்டால்தான் இரத்தத்தின் பேரால் நடக்கும் பேச்சை அதன் களத்திலேயே சந்திக்க முடியும். அதற்குக் கதிர் அரிவாள் இரத்தசோகையை விடப் பொருத்தமான வரலாறு வேறில்லை. மனித நோய் ஒன்றின் காரணத்தை மூலக்கூறு அளவில் முதன்முதலாகக் கண்டது இந்த நோயில்தான். இது பெரும்பாலும் யாரைத் தாக்குகிறது என்று பார்த்தால், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் பிள்ளைகளையும், இந்தியாவில் பழங்குடியினரையும், விதர்பாவின் தலித்துகளையும்.

கதை 1904இல் தொடங்குகிறது. கரீபியன் தீவான கிரெனடாவிலிருந்து வால்டர் கிளமென்ட் நோயல் என்ற இருபது வயது கறுப்பின மாணவர் பல் மருத்துவம் படிக்க அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு வந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எர்னஸ்ட் அயர்ன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர் நோயலின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். வட்டத் தட்டுப் போல் இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல நீண்டு வளைந்து அறுப்பு அரிவாள் போல் கிடந்தன. அவற்றைக் கையால் வரைந்து வைத்தார். அவருடைய மேலாளரான பேராசிரியர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். கட்டுரையின் ஆசிரியராக அணுக்களை முதலில் பார்த்த அயர்ன்ஸின் பெயர் இல்லை. நோயலின் பெயரும் இல்லை. அவர் வெறும் 'நோயாளி'. யார் அந்த நோயாளி என்று இரண்டு ஆய்வாளர்கள் தேடி எடுத்து எழுதுவதற்கு 1989 வரை ஆயிற்று. நோயல் 1907இல் பட்டம் பெற்று ஊர் திரும்பினார், பல் மருத்துவராகத் தொழில் செய்தார், 1916இல் 32 வயதில் இறந்தார். தன் இரத்தம் ஒரு மருத்துவப் பிரிவையே தொடங்கி வைத்தது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று சொல்ல வழியில்லை.

இதைக் 'கண்டுபிடிப்பு' என்று சொல்வதிலும் நமக்கு ஒரு தயக்கம் உண்டு. கானா நாட்டு மருத்துவர் கொனோட்டி அஹுலு, தன் சொந்தக் குடும்பத்திலேயே இந்த நோய் 1670 வரை பின்னோக்கிச் செல்வதைத் தலைமுறை தலைமுறையாகப் பெயர்களோடு பதிவு செய்திருக்கிறார். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் இந்த நோய்க்குப் பெயர்கள் இருந்தன, எலும்பு மூட்டுகளில் வரும் வலியைக் குறிக்கும் சொற்கள் இருந்தன. எழுதியவர்கள் கண்டுபிடித்தவர்கள் ஆனார்கள். வலித்தவர்கள் நோயாளிகளாக மட்டும் நின்றார்கள். நாட்டு மருத்துவத்திலும் தொழிலறிவிலும் நம் முன்னோருக்கு நேர்ந்ததும் இதுதான் என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

1922இல் வெர்ன் மேசன் என்ற மருத்துவர் இந்த நோய்க்குப் பெயரிட்டார். அதுவரை பதிவான நான்கு நோயாளிகளும் கறுப்பினத்தவர் என்பதையும் அவர் குறித்தார். அங்கிருந்து விபரீதம் ஆரம்பமானது. இது 'நீக்ரோ இரத்தத்தின்' நோய் என்று ஆயிற்று. வெள்ளையர் ஒருவரிடம் இந்த நோய் தெரிந்தால், 'நோய் வெள்ளையருக்கும் வரும்போல' என்று மருத்துவர்கள் எழுதவில்லை. 'இவர் பரம்பரையில் எங்கோ கறுப்பு இரத்தம் கலந்திருக்கிறது' என்று சந்தேகித்தார்கள். நோய் இனத்தை நிரூபித்தது, இனம் நோயை நிரூபித்தது. கிரேக்கக் குடும்பங்களிலும் இது இருந்தது, கிரேக்கத்தின் சில சதுப்பு நிலப் பகுதிகளில் சாதாரணமாகவே இருந்தது. ஆனாலும் அந்த வட்டத்திலிருந்து வெளியே வர மருத்துவம் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது.

உயிரணுவுக்குள் என்ன நடக்கிறது என்பதை மாணவத் தோழர்களுக்காகக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறோம். நம் உடலின் உயிரணுக்கள் பெரும்பாலானவற்றில் உட்கரு இருக்கிறது. அதற்குள் குரோமோசோம்கள், அவற்றில் டி.என்.ஏ. முதிர்ந்த சிவப்பணுவில் மட்டும் உட்கரு கிடையாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே உட்கருவை வெளியேற்றிவிடுகிறது. மூட்டை தூக்கப் போகிறவர் சட்டையைக் கழற்றி வைப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு திசுக்களில் இறக்கிவிட்டுத் திரும்புவது அவற்றின் வேலை. சுமார் 120 நாள் இந்த வேலையைச் செய்துவிட்டு அணு அழிகிறது.

ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் நான்கு புரதச் சங்கிலிகள்: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. பீட்டா சங்கிலி 146 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற வரிசை 11ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் எழுதியிருக்கிறது. எழுத்துகள் நான்கே: ஏ, டி, ஜி, சி. மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு அமினோ அமிலம். ஆறாவது இடத்தில் ஜி-ஏ-ஜி என்று இருந்தால் குளுட்டாமிக் அமிலம் வரும். நடுவில் உள்ள ஏ மாறி டி ஆகி ஜி-டி-ஜி என்றானால் வேலின் வரும். அவ்வளவுதான் வித்தியாசம். 146இல் ஒன்று.

அந்த ஒன்று என்ன செய்கிறது? குளுட்டாமிக் அமிலம் மின்னேற்றம் உடையது, நீரோடு ஒட்டி உறவாடும். வேலின் நீரை விலக்கும் தன்மையுடையது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில் ஹீமோகுளோபினின் வடிவம் சற்று மாறும்போது, ஒரு மூலக்கூறின் வேலின் பக்கத்து மூலக்கூறின் குழியில் போய்ச் செருகிக்கொள்கிறது. அது இன்னொன்றோடு, அது மற்றொன்றோடு. இப்படி நீண்ட இழைகள் முறுக்கிக்கொண்டு அணுவையே உள்ளிருந்து இழுத்து வளைத்துவிடுகின்றன. வளைந்த அணு விறைப்பானது, நுண்ணிய இரத்தக் குழாய்களில் நெளிந்து போக முடியாமல் அடைத்துக்கொள்கிறது. அடைத்த இடத்துக்கு ஆக்சிஜன் போகாது. அதுதான் அந்த வலி. எலும்பை முறிப்பது போன்ற வலி என்று நோயுற்றோர் சொல்கிறார்கள். அணுவின் ஆயுளும் 120 நாளிலிருந்து 10, 20 நாளாகக் குறைகிறது. சோகை வருகிறது. மண்ணீரல் சின்ன வயதிலேயே பாழாகிறது, அதனால் கிருமித் தொற்று எளிதாகிறது.

ஒருவருக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டும் மாறியிருந்தால்தான் நோய். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அவர் 'தாங்கி'. தாங்கி நோயாளி அல்ல. சாதாரண வாழ்க்கையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. இரு தாங்கிகளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நாலு பிள்ளை பெற்றால் ஒன்றுக்கு வரும் என்று இதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு முறையும் சீட்டைப் புதிதாகக் குலுக்குகிறார்கள். இந்த வேறுபாட்டைக் குழப்பியதால் நடந்த அநியாயங்களுக்குப் பின்னர் வருகிறோம். அதனால் இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

மூலக்கூறில்தான் கோளாறு என்று காட்டியவர்கள் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவும். 1949 நவம்பரில் வெளிவந்த அவர்கள் கட்டுரை, 'மூலக்கூறு நோய்' என்ற கருத்தையே மருத்துவத்துக்குக் கொடுத்தது. நோயாளியின் ஹீமோகுளோபினையும் மற்றவருடையதையும் மின்புலத்தில் ஓடவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு வேகத்தில் நகர்ந்தன. தாங்கிகளிடம் இரண்டு வகையும் கலந்திருந்தன. பாலிங் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அந்த வேலையைச் செய்தவர்களில் முதன்மையானவர் ஹார்வி இடானோ. கலிஃபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர். 1942இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதல் மாணவராகத் தேறி உயரிய பதக்கம் பெற்றார். பதக்கத்தை வாங்க அவரால் வர முடியவில்லை. ஜப்பானிய இரத்தம் உடையவர்கள் என்பதற்காக 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்த காலம் அது. இடானோவும் முள்வேலிக்குள் போனார். 'இரத்தம்' என்ற சொல் எப்படி வேலை செய்யும் என்பது அவருக்கு ஆய்வுக்கூடத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

எங்கே அந்த வித்தியாசம் என்பதைச் சுட்டிக் காட்டியவர் கேம்பிரிட்ஜில் வேலை பார்த்த வெர்னன் இங்ராம். அவரும் ஜெர்மனியில் பிறந்து நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்தவர். புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் சுமார் 30 துண்டுகளாக வெட்டினார். வடிதாளில் ஒரு திசையில் மின்சாரத்தாலும், குறுக்கே இன்னொரு திசையில் கரைப்பானாலும் துண்டுகளைப் பரப்பினார். கைரேகை போல் புள்ளிகள் விரிந்தன. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாப் புள்ளிகளும் ஒத்துப் போயின, ஒன்றைத் தவிர. அந்த ஒரு புள்ளியைப் பின்தொடர்ந்துதான் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருப்பதை 1957இல் அறிவித்தார். மரபணுவில் ஏற்படும் மாற்றம் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றக்கூடும் என்பது அதற்கு முன் எவரும் நிரூபித்துக் காட்டியதில்லை. இன்றைய மூலக்கூறு மரபியலின் அடிக்கற்களில் ஒன்று இது.

இங்ராமின் முதல் கட்டுரை நேச்சர் இதழில் வந்தது 1956 அக்டோபர் 13. மறுநாள் அக்டோபர் 14 எது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாக்பூரில் பாபாசாகேப் அம்பேத்கர் பௌத்தம் ஏற்ற நாள். இது தற்செயல், அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்று. அந்தத் திடலில் வெள்ளை உடையில் கூடிய லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் விதர்பாவைச் சேர்ந்த மகர் மக்கள். இரண்டே ஆண்டில், 1958இல், நாக்பூர் மருத்துவர்கள் மத்திய இந்தியாவில் கதிர் அரிவாள் பண்பு இருப்பதை லான்செட் இதழில் எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகள் விதர்பாவில் மகர்களிடம் இது கணிசமாக இருப்பதைக் காட்டின. குன்பி, தேலி போன்ற பிற சாதிகளிலும் இருக்கிறது. ஆக, கேம்பிரிட்ஜில் வடிதாளில் நகர்ந்த அந்தப் புள்ளியை உடலில் தாங்கியவர்கள் தீட்சா பூமியில் நிச்சயம் நின்றிருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் காரணம் தெரியாத 'மூட்டுவலிக் காய்ச்சலில்' சின்ன வயதிலேயே போயிருப்பார்கள்.

இந்தியாவில் இதை முதலில் பார்த்தது நீலகிரியில். 1952இல் ஹெர்மன் லெமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடையே கதிர் அரிவாள் பண்பு இருப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருளர், குறும்பர் போன்றோரிடம் கணிசமாகவும் தோடரிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. லெமனும் நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதர்தான். இனவாதத்தின் சூடு பட்டவர். அப்படியிருந்தும் இந்தக் கண்டுபிடிப்பைக் கையில் எடுத்ததும் அவர் பேசியது இனங்களின் மொழியில்தான். 'வேடர் இனம்' என்று ஒரு பழைய இனத்தைக் கற்பித்து, இந்த மரபணு அவர்களிடமிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கலாம் என்றார். ஒரு மலைக்காரரின் விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தை வைத்து அவருடைய மூதாதையர் யார் என்று தீர்ப்பெழுதும் ஆசை அப்படிப்பட்டது. ரிஸ்லி மூக்கை அளந்தார், இவர்கள் ஹீமோகுளோபினை அளந்தார்கள்.

1980களில் மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ அமைப்புகளை ஒப்பிட்டபோது இந்திய, அரேபிய நோயாளிகளிடம் உள்ள பின்னணி ஆப்பிரிக்காவின் நான்கு பின்னணிகளிலிருந்தும் வேறாக இருந்தது. அதனால் இந்த மாற்றம் பல இடங்களில் தனித்தனியே தோன்றியது என்ற முடிவு பரவலானது. 2018இல் முழு மரபுத்தொகுதிகளைப் படித்த ஓர் ஆய்வு, சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன் ஒரே இடத்தில் தோன்றிப் பரவியிருக்கலாம் என்றது. விவாதம் ஓயவில்லை. ஓயாவிட்டாலும் ஒன்று தெளிவு. இந்த மரபணு எங்கே நிலைத்தது என்பதைத் தீர்மானித்தது இனமோ குலமோ அல்ல, கொசு.

அதைக் காட்டியவர் கென்யாவில் வளர்ந்த அந்தோணி ஆலிசன். கடலோரத்திலும் விக்டோரியா ஏரிக் கரையிலும் தாங்கிகள் அதிகம், வறண்ட மேட்டு நிலத்தில் குறைவு என்பதைக் கவனித்தார். மலேரியா எங்கே கடுமையோ அங்கே இந்த மரபணுவும் இருந்தது. 1954இல் அவர் எழுதிய கட்டுரை, தாங்கிகளுக்கு ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு இருப்பதை நிறுவியது. இரண்டு பிரதியும் சரியாக உள்ள குழந்தை மலேரியாவில் சாகிறது. இரண்டும் மாறிய குழந்தை சோகையில் சாகிறது. ஒன்று மாறிய குழந்தை பிழைத்துப் பெரிதாகிப் பிள்ளை பெறுகிறது. இப்படித்தான் தலைமுறைகள் வழியே மரபணு தங்கியது. 'கெட்ட இரத்தம்' என்று அவர்கள் சொன்னது, அந்தக் காட்டில் மனிதர் உயிர் பிழைத்த வழி.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வயநாடும் கூடலூர்ப் பக்கமும் மலேரியாவுக்குப் பேர்போனவை. வெளியார் அங்கே குடியேற அஞ்சினார்கள். பனியர்கள் அங்கே கொத்தடிமைகளாக உழைத்தார்கள். வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஆண்டுதோறும் அவர்களை விலைபேசி வேலைக்கு அமர்த்திய கதை எல்லோரும் அறிந்தது. சுதந்திரத்துக்குப் பின் டி.டி.டி தெளித்து மலேரியாவை அடக்கினார்கள். நல்ல காரியம்தான். கொசு போனதும் நிலம் வாங்க ஆட்கள் வந்தார்கள். காய்ச்சல் காத்துநின்ற காடு கைமாறியது. ஆதிவாசிகளிடம் மிச்சமிருந்தது அந்த ஆறாம் இடத்து மாற்றம் மட்டும், இப்போது பயனில்லாமல், நோயாக மட்டும். வயநாட்டுச் செட்டிகளிடமும் இந்த நோய் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே காட்டில் ஒரே கொசுவிடம் கடி வாங்கியவர்களிடம் ஒரே மரபணு தங்கியிருக்கிறது. சாதிச் சான்றிதழை அது கேட்கவில்லை.

அம்பேத்கர் இதே முடிவுக்கு வேறு வழியில் முன்பே வந்திருந்தார். சாதி என்பது இனப் பிரிவு அல்ல, ஒரே இனத்து மக்களைப் பிரித்து வைத்த சமூகப் பிரிவு என்பதை 1936இல் எழுதினார். 1948இல் தீண்டாமையின் தோற்றம் பற்றிய நூலில், உடல் அளவீட்டு எண்களைக் கொண்டே தீண்டப்படாதோர் தனி இனம் என்ற கோட்பாட்டை மறுத்தார். அதற்கும் முன்பு 1916 மே மாதம் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில், சாதியின் சாரம் அகமணமே என்று அடையாளம் காட்டினார். 2013இல் ஐதராபாத் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட மரபியல் ஆய்வு சொல்வது என்ன? இந்திய மக்கள் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்தார்கள், பிறகு கலப்பு நின்று அகமணம் இறுகியது என்று. கலப்பில்லாத இரத்தம் என்று பெருமை பேசுபவரின் ஒவ்வோர் உயிரணுவிலும் கலப்பின் தேதி பதிந்திருக்கிறது. கதவை அடைத்த பிறகு உள்ளே இருந்த மரபணுக்கள் உள்ளேயே சுற்றுகின்றன. கதிர் அரிவாளை உண்டாக்கியது அகமணம் அல்ல, ஆனால் இரு தாங்கிகள் சந்திக்கும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

இனி நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். அறிவு கையில் வந்ததும் அதை வைத்து என்ன செய்தார்கள்?

1968இல் லைனஸ் பாலிங் ஒரு யோசனை சொன்னார். தாங்கிகள் ஒருவரையொருவர் மணந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு தாங்கியின் நெற்றியிலும் அடையாளமாகப் பச்சை குத்திவிடலாம் என்றார். பாலிங் சாதாரண ஆள் அல்ல. அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்தவர், வேதியியலுக்கும் அமைதிக்கும் இரண்டு நோபல் பரிசு பெற்றவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, குழந்தைகளின் துயரைத் தடுக்கவே சொன்னார். அதனால்தான் இதை நாம் நினைவில் வைக்க வேண்டும். கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டிவிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். உடலில் அடையாளம் போடுவதை நல்லெண்ணத்தோடு ஒருவர் முன்மொழிவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1971இல் கருஞ்சிறுத்தைக் கட்சி வேறு வழியைக் காட்டியது. கறுப்பின மக்களின் நோய் என்பதால்தான் இதற்கு நிதியும் ஆராய்ச்சியும் இல்லை என்று குற்றம் சாட்டி, தாங்களே மக்கள் மருத்துவ நிலையங்களில் இரத்தப் பரிசோதனை நடத்தினார்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பெருங்கூட்டங்களில் உணவுப் பையும் கொடுத்தார்கள், விரலில் குத்திச் சோதனையும் செய்தார்கள். 1972 மே மாதம் அதிபர் நிக்ஸன் இந்த நோய்க்கான தனிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மக்கள் அழுத்தம் இல்லாமல் அது வந்திருக்காது. நம் தலித் சிறுத்தைகள் பம்பாயில் தோன்றியதும் அதே 1972இல். பெயரை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். மருத்துவப் பணியையும் சேர்த்து எடுத்துக்கொண்டோமா என்பது வேறு கேள்வி.

அதே ஆண்டுகளில் பல அமெரிக்க மாநிலங்கள் கட்டாயப் பரிசோதனைச் சட்டங்களைக் கொண்டுவந்தன. பள்ளியில் சேர, திருமணம் பதிவு செய்ய, கறுப்பினத்தவர் மட்டும் சோதனை செய்துகொள்ள வேண்டும். தாங்கிக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் தெரியாமலே சில சட்டங்களை எழுதினார்கள். நலமாக இருந்த தாங்கிகளுக்குக் காப்பீடு கட்டணம் ஏறியது, வேலை போயிற்று. அமெரிக்க விமானப்படைக் கல்லூரி தாங்கிகளைச் சேர்க்க மறுத்து வந்தது, 1981இல்தான் அது விலகியது. சிகிச்சையில்லாத சோதனையால் மக்களுக்குக் கிடைத்தது முத்திரை மட்டும்.

நம் நாட்டில் 2023 ஜூலை 1 அன்று தேசியக் கதிர் அரிவாள் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது திட்டம், 2047 இலக்கு. இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் விடப்பட்ட ஒரு நோய்க்குத் திட்டம் வந்ததை வரவேற்கிறோம். சோதனை செய்தவர்களுக்கு மரபணு நிலையைக் காட்டும் அட்டை தருகிறார்கள். திருமணத்துக்கு முன் இரு அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். ஜாதகப் பொருத்தம் போல. ஏற்கெனவே செவ்வாய் தோஷத்தால் பெண்ணை ஒதுக்கத் தெரிந்த சமூகத்தில் இந்த அட்டை யார் கழுத்தை இறுக்கும் என்று யோசிக்க வேண்டும். இரு தாங்கிகள் மணந்தால்தான் நோய்க்கு வாய்ப்பு. அதில் ஆணின் பங்கு பாதி. ஆனால் கேள்வி பெண்ணிடம்தான் வரும். தாங்கி நலமானவர், அவரை ஒழிக்க ஒன்றுமில்லை. 'ஒழிப்பு' என்ற சொல்லையே நாம் கேள்வி கேட்க வேண்டும்.

பரிசோதனைக்குப் பின் என்ன என்பதற்கு ஜமைக்கா நல்ல பாடம். 1973இல் அங்கே பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே சோதித்துத் தொடர்ந்து கவனித்தார்கள். பிஞ்சுக் குழந்தைகள் கிருமித் தொற்றிலும், மண்ணீரலில் திடீரென இரத்தம் தேங்கியும் இறப்பது தெரிந்தது. பென்சிலின் கொடுத்தார்கள். கூடவே, குழந்தையின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சாவுகள் குறைந்தன. தாயின் விரலும் பென்சிலினும் செய்த வேலை அது. ஹைட்ராக்ஸியூரியா என்ற விலை குறைந்த மாத்திரை வலி வரும் தடவைகளைக் குறைக்கிறது. அது ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மாதந்தவறாமல் கிடைக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

இன்னொரு பக்கம் மரபணுவையே வெட்டித் திருத்தும் சிகிச்சை வந்துவிட்டது. 1948இல் ஜேனட் வாட்சன் என்ற மருத்துவர், பச்சிளங் குழந்தைகளிடம் அரிவாள் அணுக்கள் குறைவாக இருப்பதைக் கவனித்தார். கருவில் இருக்கும்போது உருவாகும் வேறு வகை ஹீமோகுளோபின் பிறந்த சில மாதங்கள் வரை காப்பதே காரணம். அந்தக் கரு ஹீமோகுளோபின் வளர்ந்தவருக்கும் மீண்டும் சுரக்கும்படி அதை அடக்கிவைக்கும் சுவிட்சை வெட்டிவிடுகிறார்கள். மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே என்ற கறுப்பினப் பெண் 2019இல் இந்தச் சிகிச்சையைப் பெற்றார், பெருவலி நீங்கி வாழ்கிறார். 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் இதற்கு ஒப்புதல் தந்தன. அமெரிக்காவில் ஒருவருக்கு விலை 22 லட்சம் டாலர். நோயலின் கிரெனடாவுக்கும் கூடலூரின் பனியர் பாடிக்கும் அது எப்போது வரும்?

நாம் இப்போதே கையில் எடுக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கதிர் அரிவாள் நோயை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. உயர்கல்வியில் தரப்படும் 5 சதவீத இடங்களுக்கு, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு இருந்தால், இந்த நோயாளிகளும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு பெறும் பிரிவுகளின் பட்டியலில் இரத்த நோய்கள் இல்லை. அதாவது, மாதத்தில் சில நாள் வலியில் சுருண்டு படுக்கும் ஒரு மகர் இளைஞரோ பனியர் பெண்ணோ மாற்றுத்திறனாளிச் சான்று வாங்கிப் படித்து முடிக்கலாம். வேலைக்கு வரும்போது அந்தச் சான்று செல்லாது. நாக்பூரிலும் கூடலூரிலும் உள்ள மாணவத் தோழர்கள் இதைச் சேர்ந்து எழுப்ப வேண்டும் என்ற கோரிக்கையை இந்த மேடையிலிருந்து வைக்கிறோம். மனுவின் வரைவு அரங்க வாசலில் இருக்கிறது. போகும்போது படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.